இருட்டில் கூவும் பலகை

பூட்டிய வீட்டுக்குள் வெயில் வந்து படுத்துக்கொண்ட வருஷம் என்று அந்தப் பக்கத்தில் இப்போதும் சொல்கிறார்கள். பிள்ளை எப்போது பிறந்தது, ஓடு எப்போது மாற்றினீர்கள் என்று யாரிடம் கேட்டாலும் அந்த வருஷத்துக்கு முந்தி, அந்த வருஷத்துக்குப் பிந்தி என்றுதான் பதில் வரும். கோவில்பட்டிக்குத் தெற்கே, தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பின்னால், ஒரே நீளச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பத்து வீடுகள் வரிசையாக நின்ற வளவில், பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில், முதலில் லூர்துவின் வீட்டுக்குத்தான் அது வந்தது. கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, ஆனாலும் சிமெண்டுத் தரையில் அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு ஒரு வெயில் கிடந்தது. ஓடு உடைந்திருக்கும் என்று லூர்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். ஓடெல்லாம் சரியாக இருந்தது. வந்ததுதான் வந்தது, வீணாகப் போக வேண்டாம் என்று இரண்டு படி மிளகாய் வற்றலை அதில் காயப்போட்டாள். நாலு மணிக்கு வெயில் போனபோது வற்றலில் சிவப்பு இல்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி ஒவ்வொன்றுக்குள்ளும் விதை தெரிந்தது. மறுநாள் விதையும் தெரியவில்லை, ஆனால் பானைக்குள் கையை விட்டுத் தடவி எடுத்துக் குழம்பு வைத்தால் காரம் மட்டும் குறையாமல் இருந்தது. வளவில் எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி வாங்கி ருசி பார்த்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை லூர்துவின் புருஷன் மைக்கேல் அதற்குள் படுத்துத் தூங்கினான். கம்பெனியில் ராக்காவல் பார்க்கிறவன், பகலில்தான் தூக்கம். மடியில் பூனை படுத்தது மாதிரி இதமாக இருக்கிறது என்று பாயை இழுத்து அதற்குள் போட்டுக்கொண்டான். எழுந்தபோது அவன் நெஞ்சு வழியாகச் சுவரில் மாட்டிய காலண்டர் தெரிந்தது. அன்றைக்கு வளவே கூடி நின்று வாயில் கை வைத்தது. மறுநாள், "சாப்பிட்டியா மைக்கேலு" என்று மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் அவன் குழாயடியில் நின்றபோது ஒருத்தி தெரியாமல் அவன் மேல் குடத்தை இடித்துவிட்டு, "ஓரமா நிக்கக்கூடாதா" என்று சிடுசிடுத்தாள். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் அவன் விரலை ஏற்கவில்லை. முடி வெட்டுகிறவர் முடி எங்கே முடிகிறது, காது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கத்தரிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெயிலோ தினமும் அவனைத் தேடி வந்தது. பாயை அடுப்பங்கரைக்கு இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. மேலே கம்பளியைப் போர்த்தினால் கம்பளி பாலித்தீன் தாள் மாதிரி ஆனது, தகரத்தை வைத்தால் தகரமும் அப்படியே ஆனது, இரண்டையும் தாண்டி வெயில் உள்ளே இறங்கியது. உயிருள்ள உடம்பு மட்டும்தான் அதற்குக் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஐந்தாம் நாள் மைக்கேலின் சட்டை மட்டும் நடந்தது, ஆறாம் நாள் குரல் மட்டும் தண்ணீர் கேட்டது, ஏழாம் நாள் லூர்து வைத்த சோறு தட்டில் அப்படியே இருந்தது.

மாதா கோயிலில் துக்க மணியை அடிப்பதா வேண்டாமா என்று சாமியாருக்குக் குழப்பம். உடம்பு இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் சாட்சி இல்லை. பாதி மணி அடித்து நிறுத்தினார். லூர்து பூ வைக்கலாமா கூடாதா என்று பெண்கள் இரண்டு நாள் பேசி, நாற்பது நாள் வரைக்கும் ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள்.

அந்த வளவில் நாலாம் வீட்டில் ராஜகனி இருந்தாள். நாற்பத்தாறு வயது, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது, அன்றிலிருந்து தீக்குச்சி அடுக்குகிற வேலை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறினால் பஸ் கவிழும், மழை பெய்தால் சுவர் விழும், போன் அடித்தால் யாரோ செத்திருப்பார்கள். இப்படிப் பயந்து பயந்து அவள் காத்திருந்த எதுவும் வரவில்லை. வந்தது அவள் நினைத்தே பார்க்காதது. அவள் புருஷன் சமுத்திரம், லோடு ஏற்றுகிறவர், பதினாலு மாதத்துக்கு முன்னால் லாரி மேலிருந்து தீப்பெட்டிக் கட்டோடு விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி எல்லாம் போய்விட்டது. நல்ல பாரமான மனுஷன். வயர் கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து கிடப்பார். மத்தியானம் மாத்திரை போட்டால் நாலு மணி வரைக்கும் குறட்டை. இடுப்புக்குக் கீழே தேள் கொட்டினாலும் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், அதைத்தான் ராஜகனி ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள். கதகதப்பு தெரிகிறவன் மைக்கேலே எழுந்திருக்கவில்லையே, இவருக்கு எப்படித் தெரியும்?

சித்திரை பிறந்து நாலாம் நாள், குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், வெயில் அவர் பாதத்தின் மேல் கிடந்தது. குடத்தைப் போட்டுவிட்டுக் கூப்பாடு போட்டாள். வளவு ஓடிவந்தது. நாலு பேர் கட்டிலைச் சாய்த்து வாசல் நிலைக்கு வெளியே எடுத்து முற்றத்து வெயிலில் வைத்தார்கள். நிஜ வெயிலுக்குள் போனதும் அந்த வெயில் எது என்று தெரியாமல் கரைந்து போனது. அதுதான் தப்பிக்கிற வழி என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் சமுத்திரத்தின் கணுக்காலுக்குக் கீழே பார்த்தால் வயர் கட்டிலின் பச்சைப் பின்னல் தெரிந்தது.

"நகம் வெட்டுற வேலை மிச்சம்ட்டி," என்றார் அவர், அதைப் பார்த்துவிட்டு.

"வாயை மூடுங்க."

"செருப்பும் மிச்சம்."

ராஜகனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

உச்சிப்பொழுதில் எல்லாரும் முற்றத்திலேயே இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். சித்திரை வெயிலில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். நிழலில் ஒதுங்கினால் நிழலுக்குள் அது வந்தது. ஆறாம் வீட்டு ஆடு ஈன்ற குட்டி, ஈரம்கூடக் காயாதது, வேப்ப மரத்தடியில் ஒரே மத்தியானத்தில் இல்லாமல் போனது. தாய் ஆடு அந்த இடத்தை இரண்டு நாள் நக்கிக்கொண்டு நின்றது. அப்புறம் வளவு வேறு வழி கண்டது. பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் ஜன்னலில் அட்டை ஒட்டி, கதவிடுக்கில் துணி அடைத்து, உள்ளே மைக்கூடு மாதிரி இருட்டாக்கிக்கொண்டார்கள். இருட்டாக இருந்தால் எது வந்தாலும் அது என்று தெரிந்துவிடும் அல்லவா. அந்த இருட்டிலேயே பெண்கள் குச்சி அடுக்கினார்கள். விரலுக்குத்தான் கண் உண்டே. ஆனால் தூங்குகிறவர்களை என்ன செய்வது, ஒரு நிமிஷம் கண் அசந்தால் என்ன செய்வது என்று யூனியன் ஆபீசில் மனு கொடுத்தார்கள். ஆபீசில் அதை வாங்கிப் படித்து, வெயில் எந்தத் துறையில் வருகிறது என்று ஒரு வாரம் தேடி, கடைசியில் ஒரு முகாம் போட்டு வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற நிலோஃபர் என்ற பெண் வந்து பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். துளை துளையாக ஒரு வெள்ளைப் பலகை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதன் முகத்தில் சிவப்புக் கோடு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து. அதற்குப் பெயர் எல்.டி.ஆர். அரிசி நீளத்தில் கோடு போட்ட ஒரு ரெசிஸ்டர். மூன்று கால் வைத்த கறுப்பு டிரான்சிஸ்டர். ஒரு பஸ்ஸர், ஒரு சதுர பேட்டரி, நாலு துண்டு வயர்.

"பயப்படாதீங்கம்மா, இது குழந்தை கூட செய்யும்," என்றாள் நிலோஃபர். "இந்தப் பொத்தான் இருக்குல்ல, வெளிச்சம் பட்டா கரண்டுக்கு வழி விடும், இருட்டுல வழியை அடைச்சுக்கும். வெளிச்சம் வந்ததும் கரண்டு இதுவழியா டிரான்சிஸ்டரோட நடுக்காலைத் தட்டும். தட்டினா அது கதவைத் திறக்கும், பஸ்ஸர் கத்தும். அவ்வளவுதான். முதல்ல எல்.டி.ஆர், அடுத்தது ரெசிஸ்டர், இரண்டும் சேர்ற இடத்துல நடுக்கால். படம் இந்தத் தாள்ல இருக்கு."

"தொட்டா ஷாக் அடிக்குமா டீச்சர்?" என்று கேட்டாள் ராஜகனி.

"அடிக்காது."

"வெடிக்குமா?"

"வெடிக்காதும்மா."

"ராத்திரி அதுவா பத்திக்குமா?"

"யக்கா, நாம தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருஷமா வேலை பாக்கோம்," என்றாள் லூர்து. "நம்மளைப் பாத்து அதுதான் பயப்படணும்." முகாம் முழுக்கச் சிரித்தது. ராஜகனி சிரிக்கவில்லை, பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள், அவிழ்ந்துவிட்டதா என்று வழியெல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டில் கட்டில் ஓரம் உட்கார்ந்து தாளை விரித்தாள். டிரான்சிஸ்டர் கால் ஒன்று வளைந்து உயிரை வாங்கியது. பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்து, சுரீர் என்றதும் கரண்டு உண்டு என்று திருப்தியானாள். தீக்குச்சி அடுக்குகிற மரச் சட்டம் எப்போதும் கீழிருந்துதான் நிறையும். முதல் வரிசை என்றால் அடி வரிசை, அதற்கு மேல் அடுத்தது, அதற்கு மேல் அடுத்தது, முப்பத்தைந்து வருஷமாக விரல் அப்படித்தான் ஏறிப் பழகியிருக்கிறது. முதலில் எல்.டி.ஆர் என்றதும் அவள் விரல் தானாகப் படத்தின் அடிக்கோட்டுக்குப் போய் அங்கே அதைச் செருகியது. அடுத்தது ரெசிஸ்டர் என்றதும் அதற்கு மேலே செருகியது. வளவிலேயே அவள்தான் வேகமாக அடுக்குகிறவள் என்பதால் மற்ற ஒன்பது வீட்டுக்காரிகளும் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்; சாயங்காலத்துக்குள் பத்தும் தயார். பேட்டரியை மாட்டினால் பத்தும் சும்மா இருந்தன. சாயங்கால வெளிச்சம் போதாது போல என்றாள் லூர்து.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தி இருட்டாக்கியதும் பத்துப் பலகைகளும் ஒன்றாகக் கத்தின. எல்லாக் கதவுகளும் திறந்தன, வளவு முழுக்கப் பலகையும் கையுமாக முற்றத்துக்கு ஓடிவந்து குய்யோ முறையோ என்று நின்றது. வெளிச்சத்தில் வந்ததும் பலகைகள் அடங்கிவிட்டன. உள்ளே போனால் கத்தல், வெளியே வந்தால் மௌனம். மூன்று தடவை இப்படி ஓடி மூச்சு வாங்கிய பிறகுதான் சமுத்திரம் கட்டிலிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "ஏட்டி, நீ இருட்டைக் கண்டா கத்துறதைச் செஞ்சு வச்சிருக்க. உன்னை மாதிரியே."

நிலோஃபர் அந்த வாரம் வந்து பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள். "மேல கீழ மாத்திப் போட்டுட்டீங்கம்மா. மேல இருக்கறதைக் கீழ போட்டா சரியாயிடும்." ஒன்பது வீட்டிலும் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தாள். வளவு நிம்மதியானது, மத்தியானத்தில் மறுபடியும் அமைதி. ராஜகனி மட்டும் பலகையைக் கொடுக்கவில்லை.

"கொடுங்கம்மா, ஒரு நிமிஷம்தான்."

"வேண்டாம் டீச்சர். நீங்க செய்யிறது சும்மா இருக்கும். சும்மா இருந்தா, அது வரலைன்னு சும்மா இருக்கா, பேட்டரி செத்துப்போய் சும்மா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன். இது கத்திக்கிட்டே கெடந்தா, நல்லாயிருக்கு, ஒண்ணும் வரலைன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா ஓடுவேன். வெயில் வந்தாலும் ஓடுவேன், வயர் பிஞ்சாலும் ஓடுவேன்."

நிலோஃபர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "படிச்சவங்களுக்கு இது தோணாது," என்றாள். அப்புறம், "ஆனா காது போயிடுமே," என்றாள்.

"பஸ்ஸர் வாயில பஞ்சு வச்சுக்கிடுதேன்."

பலகையைச் சமுத்திரத்தின் முழங்காலுக்கு மேலே துணி நாடாவால் கட்டினாள். அங்கே கட்டினால் அவருக்கு உறுத்தாது; வந்தால் காலிலிருந்துதானே ஏறும் என்பது அவள் எண்ணம். பன்னிரண்டு மணிக்கு இருட்டில் அது கீச்சென்று தொடங்கும், நாலு மணிக்கு அவள் பேட்டரியைக் கழற்றுவாள். அந்த நாலு மணி நேரமும், கல்யாணமான நாளிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி அவளுக்கு அந்தச் சத்தத்துக்குள் கிடைத்தது. குச்சி அடுக்கிக்கொண்டே காதை அதில் வைத்திருப்பாள். முதுகு நிமிர்ந்து உட்காருவாள். ஒருநாள் கண்ணைக்கூட அசந்தாள். "கூரைக்குள்ள சில்வண்டை வளர்த்துக்கிட்டு என்ன தூக்கம்டி உனக்கு," என்று சமுத்திரம் வியந்தார்.

பத்து நாள் கழித்து லூர்து இருட்டில் தூங்கினாள். அவளுடைய திருத்தின பலகை தலைமாட்டில் சும்மா இருந்தது. அவள் கண் விழித்தபோதும் சும்மாதான் இருந்தது, இடது கை முழங்கைக்குக் கீழே வெயிலில் கிடந்தது. பேட்டரி முந்தின நாளே செத்திருந்தது. கையை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்து நின்றாள். கை வேலை செய்தது, விரல் மடங்கியது, ஆனால் வளையல் இரண்டும் அந்தரத்தில் ஆடின. அன்றைக்கு சாயங்காலமே ஒன்பது வீட்டுக்காரிகளும் பலகையைத் தூக்கிக்கொண்டு ராஜகனி வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள், மேலே இருப்பதைக் கீழே போட்டுத் தரச் சொல்லி.

அதற்குப் பிறகு அந்த வளவில் மத்தியானம் என்றாலே சத்தம்தான். கீரை விற்கிறவள் அந்தப் பக்கம் பன்னிரண்டுக்கு மேல் வருவதில்லை. கம்பெனிக்காரர்கள் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, வேலை நடக்கிறது என்று போய்விடுவார்கள். பிள்ளைகள் சத்தம் இருந்தால்தான் தூங்கின. நடுவில் எங்காவது ஒரு பலகை நின்றால் பத்து வீட்டிலும் சோற்றில் கை அப்படியே நிற்கும். எல்லாரும் அந்த வீட்டுக்கு ஓடி, ஆளைத் தூக்கி முற்றத்தில் போடுவார்கள். சமுத்திரத்தின் கட்டிலைத் தூக்க யார் யார் எந்தக் காலைப் பிடிப்பது என்றுகூட முறை வைத்திருந்தார்கள். அப்படி இரண்டு தடவை தூக்கியும் விட்டார்கள், ஒரு விரல்கூடக் குறையாமல்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள்: நிறம் போனவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இன்று ஒரு நாள் மட்டும் யூனியன் ஆபீசில் மறுபடி கைரேகை எடுக்கப்படும், வராதவர்களுக்கு அடுத்த மாதம் ரேஷன் கிடையாது. பதினோரு மணிக்கு வேன் வந்து நின்றது. ஒன்பது வீடும் ஏறியது. சமுத்திரத்தை ஏற்ற வழியில்லை, அவரை விட்டுவிட்டு ராஜகனியும் ஏறவில்லை. பலகை வருவதற்கு முன்னாலேயே எல்லா வீட்டிலும் ஒருத்தருக்கு ஒரு காதோ விரலோ குறைந்திருந்தது. லூர்து மட்டும் வேன் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா, நான் இருக்கட்டா?"

"நீ ஒருத்தி இருந்து கட்டிலைத் தூக்கிருவியாக்கும்? போடி, ரேகை இல்லாம அரிசிக்கு என்ன செய்வ?" என்று ராஜகனி சொன்னாள். வேன் கிளம்பின தூசி அடங்குவதற்குள், ஏன் சொன்னேன், நாலு பேரையாவது நிறுத்தியிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தெருமுனை வரை ஓடினாள். வேன் பஸ் ரோட்டில் திரும்பிவிட்டிருந்தது.

உள்ளே வந்து புதுப் பேட்டரி மாட்டினாள். கதவைச் சாத்தினாள், இடுக்கை அடைத்தாள். பலகை கீச்சென்று தொடங்கியது. ஒன்பது வீடும் மௌனமாக இருந்ததால் அந்த ஒற்றைச் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக, வெறும் வீட்டில் ஒருத்தி அழுகிற மாதிரி இருந்தது. சமுத்திரம் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். அவள் குச்சியை எடுத்து அடுக்கத் தொடங்கி, இரண்டு சட்டம் முடித்தாள்.

மூன்று மணிக்குச் சத்தம் நின்றது.

நிமிர்ந்தாள். சுளகு அகலம் இல்லை, பாய் அகலம். கட்டிலின் கால்மாட்டிலிருந்து அவர் இடுப்பு வரை ஏறி, அங்கே சொந்த வீடு மாதிரிப் படுத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, அடுப்பு தெரிந்தது, நாடா ஏற்கெனவே வெளுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

தலைமாட்டைப் பிடித்துக் கட்டிலை வாசல் பக்கம் இழுத்தாள். அது ஒரு சாண் நகர்ந்தது, வெயிலும் ஒரு சாண் நகர்ந்தது. நிலை வரைக்கும் இழுத்துவிட்டாள். நிலையில் கட்டில் முட்டிக்கொண்டது, சாய்த்தால்தான் போகும், சாய்க்க நாலு பேர் வேண்டும். கதவை முழுக்கத் திறந்து வைத்து "யாராவது வாங்களேன்" என்று கத்தினாள். முற்றத்தில் நிஜ வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, கட்டிலுக்கு அங்கே போய்ச்சேர ஒரு ஆள் நீளம்தான் மிச்சம். ஒன்பது கதவிலும் பூட்டு தொங்கியது. அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். தலை அவள் தோளில் சாய்ந்தது, உடம்பு வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவர் முழங்காலுக்குக் கீழே பச்சைப் பின்னல் தெரிந்தது.

யோசித்துச் செய்ததா என்று பிற்பாடு கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கட்டில் மேல் ஏறினாள். அவருக்கு இரண்டு பக்கமும் கையை ஊன்றி, அவர் மேல் கவிழ்ந்து, குடை மாதிரி விரிந்து நின்றாள். எது குறுக்கே வந்தாலும் அதன் மேல் ஏறிக்கொள்கிற வெயில் அவள் முதுகில் ஏறிக்கொண்டது. இதமாக இருந்தது. அந்த இதத்தில்தானே மைக்கேல் தூங்கிப் போனான் என்று கண்ணை அகல விழித்துக்கொண்டாள். அந்த வெயிலையும் கதவு வழி வந்த வெளிச்சத்தையும் மறைத்து அவள் நிழல் பலகை மேல் விழுந்தது; பலகை மறுபடியும் கத்தத் தொடங்கியது.

சத்தத்தில் அவர் விழித்தார். முகத்துக்கு நேரே அவள் முகம்.

"என்னட்டி, இந்த வயசுல," என்றார். அப்புறம் அவள் தோளுக்கு மேலே பார்த்தார்.

"எறங்கு."

"மாட்டேன்."

"எறங்கு ராசகனி. முற்றத்துக்கு ஓடு. நான் ஏற்கெனவே பாதி ஆளு, என்னைக் காப்பாத்தி என்ன செய்யப் போற?"

"மிச்சப் பாதியைத்தான்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு," என்றாள். பல் கிட்டிப் போய்த்தான் சொன்னாள். "பேசாதீங்க. சத்தம் கேக்கணும்."

ஏனென்றால் அவள் முதுகை அவளால் பார்க்க முடியாது, குனிந்து தன் கையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவள் எவ்வளவு மிச்சம் இருக்கிறாள் என்று சொல்ல அந்தப் பலகை ஒன்றுதான் இருந்தது. அவள் உடம்பு எவ்வளவு நிழல் தருகிறதோ அவ்வளவு கத்தும். கத்தட்டும், கத்தட்டும் என்று அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். முதலில் அது முழுச் சத்தத்தில் கத்தியது, பிறகு கொஞ்சம் கம்மியாக, தொண்டை கட்டினது மாதிரி, பிறகு இன்னும் கம்மியாக, அடுத்த தெருவில் கத்துவது மாதிரி.

"ஏங்க, சத்தம் குறையுது."

"குறையல."

"குறையுதுங்க. புதுப் பேட்டரிதான் போட்டேன். பழசு இல்ல, கடையில நாக்குல வச்சுப் பாத்துத்தான் வாங்கினேன்."

"உனக்குக் காது அடைச்சிருக்கு. வேர்வை எறங்கியிருக்கும். நல்லாக் கேளு."

கேட்டாள். சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. பழையபடி முழுசாக, காதைக் குத்துகிற மாதிரி கத்தியது. அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் நான் இருக்கிறேன், அப்படியே இருக்கிறேன், என்னிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை என்று நினைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கன்னத்தில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. துடைக்காமல் ஏன் இருக்கிறார், வலது கை எங்கே போனது என்று தேடிக் குனிந்தபோதுதான் பார்த்தாள். அவர் கையை மெதுவாகக் கீழே நீட்டி, உள்ளங்கையால் பலகையைப் பொத்திக்கொண்டிருந்தார்.



"கையை எடுங்க," என்றாள்.

"மாட்டேன்."

"எடுங்க. எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னட்டி ஆகப்போகுது? உனக்குப் பயம்தான் வரும்."

"பயம் எப்பவும்தான் இருக்கு. தெரியாமத்தான் என்னால முடியாது. எடுங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்த முகத்துக்குப் பின்னால் அவருக்கு என்ன தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. சுண்டு விரலை எடுத்தார். சத்தம் ஒரு படி இறங்கியது. மோதிர விரலை எடுத்தார். இன்னும் இறங்கியது. ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு படியாக, கிணற்றுக்குள் ஒருத்தர் படி இறங்கிப் போகிற மாதிரி, அது போய்க்கொண்டே இருந்தது. கட்டை விரலும் எடுத்த பிறகு அறையில் ஒன்றும் கேட்கவில்லை. ராஜகனி மூச்சை அடக்கினாள். அவரும் அடக்கினார்.

இருந்தது. காதோரம் ஒரு கொசு வந்து வந்து போகிற அளவுக்கு, நூல் மாதிரி, அறுந்து அறுந்து, ஆனால் இருந்தது.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

"எனக்கும் கேக்குது."

அவள் கையை இன்னும் கொஞ்சம் அகலமாக ஊன்றிக்கொண்டாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் மூன்றரை காட்டியது.

"போதும்," என்றாள். "இப்ப பொத்திக்கிடுங்க."

அவர் பொத்திக்கொண்டார். சத்தம் வீடு முழுக்க ஏறியது.

வெயில் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது.